ரூட்டர் பின்னாடி ஒரு யூஎஸ்பி ஓட்டை: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரே ஒரு வரிதான் எழுதுனேன், "ரூட்டர் பின்னாடி யூஎஸ்பி ஓட்டை இருந்தா அதுல ஹார்ட் டிஸ்க்க சொருகிட்டு வீட்டுல உள்ள எல்லா டிவியிலயும் படம் பாக்கலாம்"னு. அவ்ளோதான், கேள்வியா வந்து குமிஞ்சிருச்சு. பாதிப் பேரு கேள்வி கேக்கல, "சொருகுனேன், ஒண்ணும் வரல, என்ன சார் கத விடுறீங்க"ன்னு திட்டியிருக்கீங்க. சரி, ஒத்த வரியில எழுதுனது என் தப்புதான், இந்தத் தடவ முழுப் பக்கமும் இதுக்கே.

கேள்வி: அண்ணே, எங்க கல்யாண வீடியோ, பிள்ளைங்க பொறந்தநாள், மாமியார் பால்குடம் எடுத்த வருசத்து தண்ணீர்மலை தைப்பூசம், எல்லாத்தையும் மவன் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்துட்டு கேஎல்லுக்கு வேலைக்குப் போயிட்டான். ஹால் டிவியில சொருகுனா நல்லா வருது. மாமியார் ரூம்ல படுத்திருக்காங்க, அவங்க பாக்கணும்னா டிஸ்க்க கழட்டிட்டு ஓடணும். ரூட்டர்ல சொருகிப் பாத்தேன், லைட்டு எரியுது, டிவியில ஒண்ணையும் காணோம்.
(ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: அக்கா, லைட்டு எரியுதுன்னா பாதி வேல முடிஞ்சுச்சு. ரூட்டருக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு, அதுல மீடியா செர்வர்னு, டிஸ்க்ல உள்ள படத்த டிவிக்கு எடுத்துக் குடுக்குற ஒரு புரோகிராம் இருக்கும், ஆனா நெறைய ரூட்டர்ல அத ஆஃப் பண்ணித்தான் கடையில குடுக்குறாங்க. போன வைஃபைல வச்சுக்கிட்டு பிரவுசர்ல 192.168.0.1 இல்லன்னா 192.168.1.1 அடிங்க, எதுன்னு ரூட்டர் அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். உள்ள போனா யூஎஸ்பின்னு ஒரு இடம் இருக்கும், அதுல மீடியா செர்வர்னு இருக்கலாம், மீடியா ஷேரிங்னு இருக்கலாம், டிஎல்என்ஏன்னு இருக்கலாம், மூணும் ஒண்ணுதான், ஆன் பண்ணிட்டு எந்த ஃபோல்டர்னு காட்டிட்டு சேவ் பண்ணிடுங்க. அப்புறம் மாமியார் ரூம் டிவியில சோர்ஸ் பட்டன அமுக்குனா ஹெச்டிஎம்ஐ பேருங்களோட சேந்து உங்க ரூட்டர் பேரும் வந்து நிக்கும். நிக்கலன்னா, ஆண்ட்ராய்டு டிவியா இருந்தா விஎல்சின்னு படம் ஓட்டுற ஆப்ப எறக்கிக்குங்க, ஓசிதான், அதுல லோக்கல் நெட்வொர்க்னு ஒரு இடத்துல தெரியும்.

இந்த டிஎல்என்ஏங்கறது புதுசு இல்ல, சோனி மாதிரி பெரிய கம்பெனிங்கல்லாம் சேந்து 2003-ல ஆரம்பிச்ச ஒரு கூட்டணி. ஒரு கம்பெனி டிவி இன்னொரு கம்பெனி பெட்டியோட பேசணும், அதுக்கு ஒரு பொது பாஷ வேணும்னு வச்சாங்க. கூட்டணிய 2017-ல கலைச்சுட்டாங்க, ஆனா அவங்க வச்ச பாஷ இன்னும் டிவியிலயும் ரூட்டர்லயும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இன்னொண்ணு, ஆன் பண்ண ஒடனே எல்லாம் தெரிஞ்சுடாது. ரூட்டர் டிஸ்க் முழுக்க ஒவ்வொரு ஃபைலா பாத்து ஒரு லிஸ்ட் எழுதும், ஆயிரக்கணக்குல போட்டோ கெடந்தா அதுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், நீங்க போயி ஒரு தே தண்ணி கலக்கிக் குடிச்சிட்டு வாங்க. போட்டோவ தனி ஃபோல்டர்ல போட்டுட்டு வீடியோ ஃபோல்டர மட்டும் காட்டுனீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சுடும். அப்புறம் ஃபைல் பேர்ல வருசத்த முன்னாடி போடுங்க, "1998 தைப்பூசம்"னு, டிவியில பேர் வரிசையிலதான் வரும். எங்க வீட்டுல ஒரு கேசட்டுல வருசமே எழுதல, அக்காவும் தங்கச்சியும் ஒரு நாள் முழுக்க சண்ட. கடைசியில ரதத்தப் பாத்தோம், வெள்ளி ரதம் மட்டும்தான் ஓடுது, தங்க ரதம் வந்தது 2017-ல, அப்ப அதுக்கு முந்திதான்னு ஆச்சு. ஓரமா நின்னுக்கிட்டிருந்த பய மூஞ்சில இன்னும் மீசையே வரல, அது என் தம்பி, அவனுக்கு இப்ப பேரன் இருக்கான். அத வச்சு ஒருவழியா முடிவு பண்ணோம்.

கேள்வி: அங்கிள், ஹார்ட் டிஸ்க்க ரூட்டர்ல சொருகுனா "டிக்... டிக்... டிக்"னு ஒரு சத்தம் வருது, பத்து செகண்டுல ரூட்டர்ல இருந்து காணாம போயிடுது. லேப்டாப்ல சொருகுனா ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு. டிஸ்க் செத்துப் போச்சா?
(செந்தூல் தம்பி)

பதில்: சாகல தம்பி, பட்டினியில கெடக்கு. நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஹார்ட் டிஸ்க் கம்பெனில பல வருசம் ஷிஃப்டு பாத்தவன், அந்த சத்தத்த தூக்கத்துல கேட்டாலும் எழுந்திருச்சிடுவேன். டிஸ்க்குக்குள்ள தட்டு ஒண்ணு சுத்துது, தட்டு முழு வேகத்துக்கு வந்தப்புறம்தான் ஓரத்துல பார்க்கிங்ல இருக்கிற ஹெட்டு, அதாவது படிக்கிற முனை, எறங்கி தட்டு மேல மெதக்கும், தொடாது. அந்த இடைவெளி உங்க தலமுடி தடிப்புல ஆயிரத்துல ஒரு பங்குகூட கெடையாது. சுத்த ஆரம்பிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான் கரண்ட் ஜாஸ்தியா இழுக்கும், சில டிஸ்க்கு ஒரு ஆம்பியர் கிட்ட போகும். யூஎஸ்பி 2.0 ஓட்ட குடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 ஓட்ட 900. ரூட்டரோட அடாப்டரே சின்னது, அதுல வைஃபைக்கும் குடுத்து டிஸ்க்குக்கும் குடுக்கணும். பத்தலன்னா தட்டு வேகம் கொறையுது, ஹெட்டு பயந்து திரும்பப் பார்க்கிங்குக்கு ஓடுது, அதான் அந்த டிக். மறுபடி முயற்சி பண்ணுது, மறுபடி டிக். இப்படியே விட்டு வச்சீங்கன்னா அப்ப நெஜமாவே செத்துடும், முதல்ல கழட்டுங்க.

வைத்தியம் ரெண்டு. சொந்த பிளக்கு வச்ச யூஎஸ்பி ஹப் ஒண்ணு வாங்கி நடுவுல போடுங்க, கேஎல் லோயாட் பிளாசாவுல கேட்டா குடுப்பாங்க, "பவர்ட் ஹப்"னு அழுத்திச் சொல்லணும், இல்லாட்டி சும்மா நாலு ஓட்ட வச்ச ஹப்ப தலையில கட்டிடுவாங்க, அதுல இன்னும் மோசமாத்தான் ஆகும். இல்லன்னா எஸ்எஸ்டிக்கு மாறிடுங்க, அதுல சுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, பெரும்பாலும் ரூட்டர் குடுக்குற கரண்டுலயே ஓடிடும். மேசையில வைக்கிற பெரிய 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு அதுக்குன்னு தனி அடாப்டர் வரும், அதுல இந்தப் பிரச்சனையே கெடையாது.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பள்ளி ஆண்டு விழாக்களைப் சிறு கேசட்டில் பதியும் பழைய மினிடிவி (MiniDV) கேமராவில் எடுத்து வைத்திருந்தேன், பேரன் அவற்றைக் கணினிக்கு மாற்றினான். வட்டில் முக்கால்வாசி இடம் காலியாக இருந்தும் "கோப்பு மிகப் பெரிது" என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. இடம் இருந்தும் ஏன் இடம் இல்லை என்கிறது?
(குளுகோர் வாசகர்)

பதில்: வணக்கம் சார். உங்க மாதிரி சுத்தமா எழுத எனக்கு வராது, மன்னிச்சுக்குங்க. உங்க வட்டு ஃபேட்32ங்கற பழைய முறையில ஃபார்மட் ஆயிருக்கு. அதுல ஒரு தனி ஃபைல் 4 ஜிபியத் தாண்டக்கூடாது, டிஸ்க் ரெண்டு டெராவா இருந்தாலும் சரி. பெரிய அலமாரி இருக்கு, ஆனா ஒவ்வொரு தட்டும் இவ்ளோ ஒசரம்தான்னா குத்துவெளக்க எப்படி வைக்கறது, அந்த மாதிரி. மினிடிவி கேசட் ஒரு மணி நேரம்னா கிட்டத்தட்ட 13 ஜிபி வரும், அதான் முட்டுது.

இப்ப என்ன முறைக்கு மாத்துறதுன்னு கேட்டா, என்டிஎஃப்எஸ். யூஎஸ்பி ஓட்ட வச்ச ரூட்டர் பெரும்பாலும் அதப் படிச்சுடும், விண்டோஸ் கம்ப்யூட்டர்லயும் நேரா சொருகலாம். கடைக்காரர் எக்ஸ்ஃபேட்டுன்னு சொல்லுவாரு, கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் அது நல்லதுதான், ஆனா அது மைக்ரோசாஃப்ட் கைல இருந்துச்சு, உபயோகிக்கணும்னா லைசென்ஸ் வாங்கணும், 2019-லதான் அதோட விவரத்த வெளிய விட்டாங்க, அதனால அதுக்கு முந்தி வந்த ரூட்டர் நெறைய அதக் கண்டுக்காது. உங்க ரூட்டர் எந்த வருசம்னு தெரியலன்னா என்டிஎஃப்எஸ்லயே நில்லுங்க. முக்கியம் சார்: ஃபார்மட் பண்ணா உள்ள உள்ளது எல்லாம் போயிடும். முதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி, அதத் தொறந்து ஓட்டிப் பாத்து, அப்புறம்தான் ஃபார்மட். பேரன் "எனக்குத் தெரியும் தாத்தா"ன்னு சொன்னாலும் பக்கத்துலயே நாற்காலிய போட்டு ஒக்காந்துக்குங்க.

அந்த 13 ஜிபி ஃபைல அப்படியே டிவி ஓட்டுமான்னா சந்தேகம்தான், அதுக்கு அடுத்த பதில பாருங்க.

கேள்வி: அண்ணா, எல்லாம் செஞ்சாச்சு, லிஸ்ட்டும் வருது. ஆனா ஒரு படத்துல படம் மட்டும் ஓடுது சத்தம் இல்ல, இன்னொண்ணுல "இந்த ஃபைல் சப்போர்ட் இல்ல"ன்னு சொல்லுது. அக்கா கல்யாண டிவிடிய காப்பி பண்ணி வச்சேன், அது அஞ்சு துண்டாத் தெரியுது, தாலி கட்டுற நேரத்துல கட்டாயி அடுத்த துண்டத் தேட வேண்டியிருக்கு! ரூட்டர மாத்தணுமா?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

பதில்: மாத்தாதம்மா, காசு மிச்சம். இந்த மாச கேள்விங்கள்ல பாதி இதுதான், எல்லாரும் ரூட்டரத் திட்டுறாங்க, ரூட்டர் பாவம். மாமாக் கடையில நீங்க ரொட்டி சானாய் கேட்டா ஆர்டர் எடுக்குற தம்பி உள்ள இருந்து தட்டக் கொண்டாந்து மேசையில வைப்பாரு, அவ்ளோதான் அவரு வேல, அவரு சமைக்க மாட்டாரு. ரூட்டரும் அதேதான், டிஸ்க்ல என்ன இருக்கோ அத அப்படியே டிவி மேசையில கொண்டாந்து வைக்கும். மென்னு முழுங்குறது டிவியோட வேல. டிவிக்கு பல்லு இல்லாத சாப்பாடா இருந்தா தட்டு அப்படியே கெடக்கும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின்னெல்லாம் சொல்றாங்களே, அதுங்க சமையல்காரன் மாதிரி, டிவிக்கு ஏத்த மாதிரி அந்த நேரத்துலயே மாத்திக் குடுக்கும், ஆனா அதுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேணும், ரூட்டர்ல உள்ள குட்டி மூளைக்கு அது ஆகாது.

சத்தம் வரலன்னா பெரும்பாலும் ஆடியோ டிடிஎஸ் முறையில இருக்கும். சாம்சங் டிவிங்க 2018 மாடல்ல இருந்து டிடிஎஸ்ஸ எடுத்துட்டாங்க, பழைய டிவியில வந்த அதே ஃபைல் புது டிவியில ஊமையாப் போறது இதனாலதான். உங்க டிவி சாம்சங்கான்னு நீங்க எழுதல, எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான். ஹேண்ட்பிரேக்னு ஒரு ஓசி புரோகிராம் இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டு அந்த ஃபைல எம்பி4, ஹெச்.264, ஆடியோ ஏஏசின்னு மாத்துங்க. இந்த மூணும் சேந்தா கடந்த பத்து வருசத்துல வந்த டிவி எதுவும் வேணாம்னு சொல்லாது. பழைய ஏவிஐ ஃபைலுங்களுக்கும் இதே மருந்து.

கல்யாண டிவிடி துண்டு துண்டா வர்றதுக்குக் காரணம், டிவிடியில ஒவ்வொரு துண்டும் 1 ஜிபிக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் வச்சிருந்தாங்க, அத எந்த இடத்துல வெட்டணும்னு பாத்தா வெட்டுறாங்க, தாலி கட்டுறாங்களா மெட்டி போடுறாங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும். டிவிடிய முழு ஃபோல்டரா ஹேண்ட்பிரேக்ல தொறந்தா அஞ்சும் ஒரே ஃபைலாயிடும். அதுல டீஇன்டர்லேஸ்னு ஒண்ண ஆன் பண்ணிக்குங்க, இல்லாட்டி மாப்பிள்ள கைய ஆட்டும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாத் தெரியும், அந்தக் காலத்து வீடியோக்காரர் எடுத்தது பழைய டிவி கணக்குல. மொதல்ல ஒரு அஞ்சு நிமிச துண்ட மட்டும் மாத்தி டிவியில போட்டுப் பாருங்க, நல்லா வந்தா ராத்திரி தூங்கும்போது முழுசையும் மாத்த விட்டுடுங்க.

கேள்வி: போன்ல விஎல்சில ரூட்டர் தெரியுது, படம் ஓடுது. டிவியில மட்டும் தெரியவே மாட்டேங்குது. டிவியில யூடியூப் எல்லாம் நல்லாவே வருது, அதனால நெட் பிரச்சனை இல்ல. மண்ட காயுது.
(செராஸ் கொண்டோவாசி)

பதில்: உங்க வீட்டுல ரெண்டு ரூட்டர் இருக்கா? பந்தயம் கட்டுறேன், இருக்கு. நெட் போட வந்தவங்க குடுத்தது ஒண்ணு, சிக்னல் பத்தலன்னு நீங்க வாங்குனது ஒண்ணு. டிவி பழைய வைஃபை பேர நெனப்புல வச்சுக்கிட்டு பழசுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டுலயும் நெட் வரும், ஆனா ரெண்டும் தனித்தனி வீடு மாதிரி, டிவி "யாராவது மீடியா செர்வர் இருக்கீங்களா"ன்னு கத்துறது பழைய ரூட்டர் செவுத்துக்குள்ளயே அடங்கிடும். டிவியோட நெட்வொர்க் செட்டிங்ல ஐபி நம்பரப் பாருங்க, போன்லயும் பாருங்க, ஒண்ணு 192.168.0-ல ஆரம்பிச்சு இன்னொண்ணு 192.168.1-ல ஆரம்பிச்சா அதான் வெவகாரம். டிவிய டிஸ்க் சொருகுன ரூட்டர் வைஃபைக்கு மாத்துங்க, முடிஞ்சுது. கெஸ்ட் வைஃபைல டிவி இருந்தாலும் இதே கததான், கெஸ்ட்டுங்கறவங்கள அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க.

ஒரே ரூட்டரா வச்சுக்கணும்னா பழச எடுத்துட்டு புதுச நேரா மோடம்ல போடலாம். யூனிஃபைன்னா இன்டர்நெட் வர்றது விலான் 500-ங்கற நம்பர் போட்ட தனிப் பாதையில, அந்த நம்பர ரூட்டர்ல போடலன்னா நெட்டே வராது. டிபி-லிங்க், அசுஸ் மாதிரி ரூட்டர்ங்கள்ல ஐபிடிவி பக்கத்துல யூனிஃபைன்னே ஒரு சாய்ஸ் இருக்கும், அதத் தட்டிட்டு யூசர்நேமும் பாஸ்வேர்டும் அடிச்சாப் போதும். அந்த பாஸ்வேர்ட் எழுதுன பேப்பர் எங்கன்னு கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் பழச கழட்டுங்க. ஞாயித்துக்கிழம ராத்திரி கழட்டிட்டு பேப்பரத் தேடிக்கிட்டு ஒக்காந்தவன் அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: பாஸ், படம் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நின்னு நின்னு சுத்துது. மாசம் கூட காசு கட்டி 500 மெகாபிட் பிளானுக்கு மாத்திட்டேன், அப்பவும் அதே கததான். ஏமாத்துறாங்களா?
(கெப்போங் வாசகர்)

பதில்: ஏமாத்தல, ஆனா நீங்க தப்பான குழாய பெருசாக்கிட்டீங்க. இந்தப் படம் உங்க வீட்டு ரூட்டர்ல இருந்து உங்க வீட்டு டிவிக்குப் போகுது, நெட்டுக்குப் போகவே இல்ல. நெட் கேபிள பிடுங்கிட்டாலும் இது ஓடும், வேணும்னா பிடுங்கிப் பாருங்க. அந்த 500 மெகாபிட் இதுக்கு அஞ்சு காசுக்குப் பிரயோஜனம் இல்ல, பிள்ளைங்க கேம் வெளையாட ஆகும்னு மனசத் தேத்திக்குங்க.

கணக்கப் பாருங்க. டிவிடி செகண்டுக்கு 10 மெகாபிட்டுக்குள்ள, புளூரே உச்சத்துல வீடியோ மட்டும் 40, 4கே டிஸ்க் உச்சம் 128. பழைய ரூட்டர் யூஎஸ்பில இருந்து செகண்டுக்கு பத்துப் பதினஞ்சு மெகாபைட்தான் எடுக்கும், எட்டால பெருக்குனா 80-ல இருந்து 120 மெகாபிட், கல்யாண வீடியோவுக்கு அது தாராளம், பெரிய 4கேக்குத்தான் மூச்சு வாங்கும். அதனால பெரும்பாலும் மாட்டுறது ரூட்டர் இல்ல, நடுவுல உள்ள வைஃபை. அடுக்குமாடியில 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கறது காலையில ஜாலான் கெப்போங் மாதிரி, மேல்வீடு கீழ்வீடு எல்லார் வைஃபையும் அதுலதான் நிக்குது. டிவிய 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. நடுவுல கான்கிரீட் செவுரு ரெண்டு இருந்தா 5-ம் தாங்காது, அப்ப கேபிள்தான், கேட்5ஈ நூறு மீட்டர் வரைக்கும் போகும், உங்க வீடு அவ்ளோ பெருசு இல்லைன்னு நெனைக்கிறேன். ஒரு வேடிக்க என்னன்னா நெறைய டிவியில கேபிள் ஓட்ட 100 மெகாபிட்தான், அதனால ரொம்பப் பெரிய 4கே ஃபைலுக்கு கேபிளவிட நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பரவால்லன்னு ஆயிடும்.

இன்னொரு திருடன் இருக்கான், யாரும் கண்டுக்க மாட்டாங்க. யூஎஸ்பி 3.0 வேல செய்யும்போது அது கெளப்புற இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போயி விழும், இத இன்டெல்லே 2012-ல அளந்து பாத்து எழுதியிருக்காங்க. டிஸ்க்க ரூட்டர் ஆன்டெனா மேல சாய்ச்சு வச்சிருந்தா படம் ஓடும்போதே வைஃபை தடுமாறும். கொஞ்சம் நீளமான நல்ல கேபிள் போட்டு டிஸ்க்க ஒரு மொழம் தள்ளி வைங்க, இல்ல ரூட்டர்ல அந்த ஓட்டைய யூஎஸ்பி 2.0-ன்னு எறக்கிடுங்க, படம் பாக்க 2.0 போதும். நான் இத முதல்ல நம்பல. என் வீட்டுல டிஸ்க்க எடுத்து பக்கத்துல சாமி படத்து ஸ்டூல் மேல வச்சேன், அன்னைக்கு நின்னதுதான் அந்தச் சுத்தல், சாமியா கேபிளான்னு அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம்.

கேள்வி: டிவியில ஓடுது. புதுசா வாங்குன விண்டோஸ் லேப்டாப்ல இருந்து மட்டும் ரூட்டர் டிஸ்க்க தொறக்க முடியல.
(பிறை வாசகர்)

பதில்: டிவி பேசுறது டிஎல்என்ஏ, லேப்டாப் பேசுறது எஸ்எம்பின்னு ஃபைல் பகிர்ற பாஷ, ரெண்டும் வேற. பழைய ரூட்டர்ங்களுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் ஒலகத்தையே ஆட்டுச்சே, அது நொழஞ்சது அந்த வழியாத்தான், அந்த வருசக் கடைசியில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து மைக்ரோசாஃப்ட் அதக் கூட வைக்கிறதே இல்ல. அத திரும்ப ஆன் பண்ணுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ரூட்டர் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணிப் பாருங்க, எஸ்எம்பி 2 வந்தா சரி. விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2-ன்னா இன்னும் கறாரு, பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்ட்டா நொழைய விடாது, ரூட்டர்ல ஒரு பேரும் பாஸ்வேர்டும் வச்சிடுங்க. எதுவும் ஆகலன்னா காப்பி பண்றப்ப மட்டும் டிஸ்க்க கழட்டி லேப்டாப்ல சொருகிக்குங்க, ரூட்டர்ல சேஃப் ரிமூவ் கொடுத்துட்டு.

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூர்ல வேல பாக்குறேன், லீவுக்குத்தான் வீட்டுக்கு வருவேன். அங்க இருந்தே வீட்டு டிஸ்க்க பாக்குற மாதிரி ரூட்டர்ல எஃப்டிபின்னு ஃபைல் அனுப்புற வழிய வெளிய தொறந்து விடலாம்னு கூட்டாளி சொல்றான். சரியா?
(செபராங் ஜெயா தம்பி)

பதில்: வேணாம். கூட்டாளிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. 2014 பிப்ரவரில அசுஸ் ரூட்டர்ங்கள்ல இருந்த ஓட்டையால 12,900-க்கு மேல பேரோட டிஸ்க்குக்குள்ள வெளியாளுங்க பூந்துட்டாங்க, உள்ள "உங்க டிஸ்க்க யார் வேணும்னாலும் பாக்கலாம்"னு ஒரு எச்சரிக்க ஃபைல போட்டுட்டுப் போனாங்க. நல்லவேளை எச்சரிக்க. அமெரிக்காவுல அது எஃப்டிசிங்கற வாடிக்கையாளர் பாதுகாப்பு ஆணையம் வரைக்கும் போயி 2016-ல ஒரு முடிவுக்கு வந்துச்சு, 20 வருசத்துக்கு வெளியாள வச்சு செக் பண்ணணும்னு கம்பெனிக்கு உத்தரவு. அம்மா போட்டோ, ஐசி காப்பி, வீட்டுக் கடன் பேப்பர் எல்லாம் அதே டிஸ்க்லதான கெடக்கு? ரூட்டர்ல விபிஎன் செர்வர்னு இருந்தா அத ஆன் பண்ணி போன்ல போட்டுக்குங்க, வீட்டுக்குள்ள இருக்குற மாதிரியே ஆயிடும். அது இல்லாத ரூட்டர்னா, வேணும்ங்கறத போன்ல காப்பி பண்ணிட்டுப் போங்க.

கேள்வி: எல்லா போட்டோவையும் வீடியோவையும் ரூட்டர் டிஸ்க்குக்கு மாத்திட்டு போன்ல அழிச்சிட்டேன், இனி கவல இல்லல?
(ஸ்தாப்பாக் வாசகி)

பதில்: இனிமேத்தான் கவல. ரெண்டு வருசம் முன்னாடி சாயங்காலம் ஒரு இடி, ஜன்னல் அதிர்ந்துச்சு, அவ்ளோதான், ரூட்டர் லைட்டு ஒண்ணு கூட இல்ல, பக்கத்துல போனா கருகுன வாட. அதுல சொருகியிருந்த டிஸ்க்கும் சேந்து போச்சு. இத்தன வருசம் டிஸ்க் கம்பெனில இருந்தவன் வீட்டுலயே இப்படி. அப்பா பேசுன ஒரு வீடியோ அதுல மட்டும்தான் இருந்துச்சுன்னு நெனச்சு ராத்திரி தூங்கல, காலையில சின்னம்மா மவ கூப்புட்டு "அண்ணே, நீங்க குடுத்த பழைய பென் டிரைவ் எங்கிட்டதான் இருக்கு"ன்னா. இப்ப எங்க வீட்டுல ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு, மாசத்துக்கு ஒருக்கா காப்பி பண்ணிட்டு பீரோவுல வச்சிடுறது. இடி சத்தம் கேட்டா பிளக்க பிடுங்குங்க, டெலிபோன் லைன்ல நெட்டு வர்ற வீடா இருந்தா அந்த லைனையும். அழிச்ச போட்டோ போன்ல "சமீபத்துல அழிச்சது"ங்கற ஃபோல்டர்ல கொஞ்ச நாளைக்குக் கெடக்கும், இன்னைக்கே போயி மீட்டுடுங்க.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் போட்டா டிவியில கட்டம் கட்டமா, இல்லன்னா கிறுக்கல் மாதிரி வருது.
(பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: கட்டம்னா டிவியில தமிழ் எழுத்து இல்ல, விஎல்சில ஓட்டிப் பாருங்க. கிறுக்கல்னா அது பழைய எழுத்து முறையில அடிச்சது. யூனிகோட் பரவலா வர்றதுக்கு முந்தி நம்ம முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ல எல்லாரும் அடிச்சோமே, டிஸ்கின்னு ஒரு முறை இருந்துச்சே, அந்தக் காலத்து ஃபைல் அது. யூனிகோடுக்கு மாத்தி யூடிஎஃப்-8-ன்னு சேவ் பண்ணி, படத்து பேரும் சப்டைட்டில் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்குற மாதிரி அதே ஃபோல்டர்ல வைங்க.

கேள்வி: பாட்டு மட்டும் கேக்கணும், வீடியோ வேணாம். அப்பாவோட கேசட் பாட்டெல்லாம் எம்பி3-யா மாத்தி வச்சிருக்கேன். அதுக்கும் ஹார்ட் டிஸ்க் வாங்கணுமா?
(ராவாங் வாசகி)

பதில்: வேணாம்மா, 64 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு போதும், சின்னது, கரண்டும் இழுக்காது, ரூட்டர் பின்னாடி சொருகிட்டு மறந்துடலாம். நல்ல தரத்துல மாத்துன எம்பி3-ன்னா ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட்டுதான், அப்பாவோட முந்நூறு கேசட்டும் அதுல அடங்கிடும். சூடாகும், தொட்டுப் பாத்து பயப்படாதீங்க. கேசட்டுங்கள மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டாவது காப்பி அதுதான்.